நிற்கிற விமானமும் காசு தின்னும்

சிறு விமானம் வாங்கும் ஆசை வந்துவிட்டால் முதலில் கண் போவது விலைக்குத்தான். பழைய செஸ்னா 150, செஸ்னா 172, பைப்பர் செரோக்கீ இவற்றின் விலையைப் பார்த்துவிட்டு "அட, ஒரு நல்ல கார் விலைதானே, இதற்கா இத்தனை வருடம் யோசித்தோம்" என்று துள்ளிக் குதித்த நண்பர்கள் எனக்கு உண்டு. அந்த விலைக்குக் காரணம் இருக்கிறது. 172 மட்டுமே 1956 முதல் இன்றுவரை 44,000-க்கு மேல் செய்யப்பட்டிருக்கிறது. 1986-இல் தயாரிப்பை நிறுத்திவிட்டுப் பத்து வருடம் கழித்துத்தான் மறுபடி தொடங்கினார்கள். அதனால் குறைந்த விலையில் சந்தைக்கு வருவதெல்லாம் பெரும்பாலும் நாற்பது, ஐம்பது வயதான விமானங்கள். வயது ஏற ஏற வாங்கும் விலை இறங்கும், ஆனால் வைத்துப் பராமரிக்கும் செலவு இறங்காது, ஏறத்தான் செய்யும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அது இந்த விஷயத்துக்கு அப்படியே பொருந்தும்.

நான் நெடுநாள் வாடகைக்கு ஓட்டினேன். இப்போது நான்கு பேர் சேர்ந்து வைத்திருக்கும் ஒரு 172-இல் ஒரு பங்கு என்னுடையது. தனியாகவே ஒன்று வாங்கிவிட்டால் என்ன என்று கணக்குப் போட்டுப் பார்க்காத வருடம் கிடையாது, ஒவ்வொரு முறையும் கூட்டுதான் மேல் என்றே முடிகிறது. செலவு நான்காகப் பிரிவதால் அப்படி என்று எல்லோரும் நினைப்பார்கள். அது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி இன்ஜினுக்குள் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் செலவு எங்கெங்கே விழுகிறது என்று பார்த்துவிடலாம். பறந்தாலும் பறக்காவிட்டாலும் கொடுத்தே ஆக வேண்டிய பணம் ஒரு பக்கம். விமானத்தை நிறுத்தி வைக்க ஹேங்கர் வாடகை, அல்லது வெட்டவெளியில் கட்டி வைக்கும் இடத்துக்கு அதைவிடக் குறைந்த வாடகை. அப்புறம் இன்ஷூரன்ஸ், அதில் விமானத்துக்கே ஒரு பகுதி, மற்றவர்களுக்கு ஏற்படும் சேதத்துக்கு ஒரு பகுதி. அப்புறம் வருடாந்திரச் சோதனை. ஜிபிஎஸ் வைத்திருந்தால் அதற்கான வரைபடத் தரவுச் சந்தா. விமானத்தில் முடங்கிக் கிடக்கும் முதலுக்கு வங்கியில் வந்திருக்கக்கூடிய வட்டியையும் இதில்தான் சேர்க்க வேண்டும், அதை யாருமே சேர்ப்பதில்லை.

இன்னொரு பக்கம், பறக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஆகிற பணம். 150, 160 குதிரைத்திறன் உள்ள 172 ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 30 முதல் 34 லிட்டர் குடிக்கும், செஸ்னா 150 என்றால் 22 லிட்டர் அளவில் நிற்கும். இவை குடிப்பது பெரும்பாலும் ஏவ்கேஸ் என்கிற, ஈயம் கலந்த, நீல நிறப் பெட்ரோல். குறைந்த அளவில்தான் தயாரிக்கிறார்கள், ஈயம் இருப்பதால் தனி லாரியில் தனியாகக் கொண்டு வர வேண்டும், அதனால் கார் பெட்ரோலைவிட எப்போதுமே விலை கூடுதல். இதோடு எண்ணெய், ஸ்பார்க் பிளக், டயர், பிரேக் கட்டை. 500 மணிக்கு ஒருமுறை, பிளக்குக்கு மின்பொறி தருகிற மேக்னீட்டோவைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இன்ஜின் ஓவர்ஹாலுக்கு, அதாவது இன்ஜினை முழுசாகப் பிரித்துத் தேய்ந்ததை மாற்றிப் பூட்டுவதற்கு, ஒவ்வொரு மணிக்கும் எடுத்து வைக்க வேண்டிய தொகை.

இந்தக் கடைசித் தொகையில்தான் எல்லாக் கணக்கும் புரளும். பல 172-களில் இருக்கிற லைக்கோமிங் ஓ-320 போன்ற இன்ஜின்களுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் ஓவர்ஹால் இடைவெளி 2,000 மணி நேரம். வாங்குபவர் உடனே ஓவர்ஹால் செலவை 2,000-ஆல் வகுத்து "மணிக்கு இவ்வளவுதான்" என்று எழுதிக்கொள்வார். ஆனால் அதே தயாரிப்பாளர் அதே அறிக்கையில் இன்னொன்றும் சொல்கிறார்: 2,000 மணி ஆகாவிட்டாலும் 12 வருடத்தில் ஓவர்ஹால் செய்யுங்கள் என்று. வருடத்துக்கு 50 மணி பறப்பவர் 2,000 மணியைத் தொட 40 வருடம் ஆகும். 12 வருடத்தில் அவர் பறந்திருப்பது 600 மணிதான். அப்படியானால் வகுக்க வேண்டியது 2,000-ஆல் இல்லை, 600-ஆல். மணிக்கு எடுத்து வைக்க வேண்டிய தொகை மூன்று மடங்குக்கு மேல் போய்விடுகிறது. சொந்தப் பயன்பாட்டு விமானங்களுக்கு இந்த 12 வருடம் பல நாடுகளில் கட்டாயமில்லை, பரிந்துரைதான், உண்மை. இன்ஜின் நன்றாக இருக்கும்வரை சோதித்துச் சோதித்து ஓட்டலாம், ஓட்டுகிறவர்களும் நிறையப் பேர். ஆனால் அந்த 12 என்ற எண்ணைக் காரணமில்லாமல் எழுதவில்லை.

காரணம் துரு. லைக்கோமிங்கின் இந்த இன்ஜின்களில் வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க்ஷாஃப்டுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. ஓடும்போது கீழே சுழல்பவை தெறிக்கிற எண்ணெயில்தான் கேம் நனைகிறது. இன்ஜினை அணைத்த பிறகு எண்ணெய் வழிந்து கீழே போய்விடும், நாள் ஆக ஆகக் கேமின் மேல் இருக்கும் படலம் மெலிந்துகொண்டே வரும், உள்ளே சிக்கியிருக்கும் ஈரம் எஃகின் மேல் உட்காரும். ஈரம் எங்கிருந்து வந்தது என்றால், பெட்ரோல் எரிந்தால் நீராவியும் உண்டாகும், அதில் ஒரு பங்கு பிஸ்டன் ரிங்கைத் தாண்டி எண்ணெய்க்குள் வந்துவிடும். நன்றாகச் சூடேறிப் பறந்தால் அது ஆவியாகி மூச்சுக்குழாய் வழியாக வெளியே போகும். பறக்காமல் நின்றால் அங்கேயே கிடக்கும். சில வாரம் நின்ற இன்ஜினைத் திரும்பக் கிளப்பும்போது, துருப் பிடித்த கேமும் அது தள்ளுகிற லிஃப்டரும் ஒன்றோடொன்று உரசி மேல்தோல் பெயரத் தொடங்கும், பெயர்ந்த துகள் எண்ணெயோடு சேர்ந்து சுற்றும். இன்னொரு தயாரிப்பாளரான கான்டினென்டலின் இன்ஜின்களில் கேம் கீழே இருப்பதால் இந்தத் தொல்லை கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

இதற்காக வாரம் ஒருமுறை வந்து பத்து நிமிடம் தரையில் ஓடவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். விமானத்தின் மேல் உள்ள அக்கறையில்தான் செய்கிறார்கள், ஆனால் அது நிலைமையை மோசமாக்குகிறது. தரையில் ஓடினால் எண்ணெய் போதிய அளவுக்குச் சூடாகாது, எரிந்த நீராவி மட்டும் உள்ளே சேரும். தரையில் ஓட்டுவது பறப்பதற்கு மாற்றில்லை என்று லைக்கோமிங்கே எழுத்தில் சொல்லியிருக்கிறது. எண்ணெய் 75, 80 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடேறி, அதே சூட்டில் ஒரு மணி நேரமாவது காற்றில் இருக்க வேண்டும். எண்ணெய் மாற்றுவதற்கும் 50 மணி அல்லது நான்கு மாதம், எது முந்தி வருகிறதோ அது, என்று விதி இருப்பது இதனால்தான். குறைவாகப் பறக்கிறவர் எண்ணெய் மாற்றும் நாளைத் தள்ளிப் போடக் கூடாது, அவருடைய எண்ணெயில்தான் தண்ணீரும் அமிலமும் அதிகம்.

இப்போது கூட்டுக்கு வாருங்கள். நான்கு பேர், ஆளுக்கு வருடம் 50 மணி, மொத்தம் 200 மணி. பத்தே வருடத்தில் 2,000 மணி. அதாவது இன்ஜினின் மணிக்கணக்கும் வருடக்கணக்கும் ஏறத்தாழ ஒன்றாக முடிகின்றன, கொடுத்த பணத்துக்கு இன்ஜினை முழுசாகப் பயன்படுத்திவிடுகிறோம். வாரத்துக்கு நான்கு மணி நேரம் ஓடுகிற இன்ஜினில் கேம் காய நேரமே இல்லை. அதே விமானத்தைத் தனியாக வைத்திருந்து வருடம் 50 மணி பறந்தால், அதாவது வாரத்துக்கு ஒரு மணி நேரம், அதுவும் மழைக்காலத்தில் ஒரு மாதம், வேலை நெருக்கடியில் ஒரு மாதம் என்று விட்டு விட்டு. ஒரே விமானம்தான், ஒரே இன்ஜின்தான், ஆனால் தனி ஆள் கையில் சீக்கிரம் கெடும்.

எண்களாகவே போட்டுப் பார்ப்போம். ஊருக்கு ஊர் விலை வேறு என்பதால் பணத்தின் பெயரை விட்டுவிடுகிறேன். எரிபொருளோடு சேர்த்து ஒரு மணி நேர வாடகை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள், மற்றவை எல்லாம் அதை ஒட்டி நான் வைத்துக்கொண்ட எண்கள், உங்கள் இடத்து எண்களைப் போட்டு மாற்றிக்கொள்ளலாம். சொந்த விமானத்தில் எரிபொருள், எண்ணெய் மணிக்கு 40. தேய்மானப் பராமரிப்பு 10. ஓவர்ஹால் செலவு 30,000, அதை 2,000 மணிக்கு வகுத்தால் 15. ஆக மணிக்கு 65. ஹேங்கர், இன்ஷூரன்ஸ், வருடாந்திரச் சோதனை எல்லாம் சேர்ந்து வருடத்துக்கு 4,000. வாடகையோடு ஒப்பிட்டால் ஒவ்வொரு மணிக்கும் 35 மிச்சம், அந்த மிச்சத்தில் 4,000-ஐ அடைக்க வருடம் 114 மணி பறக்க வேண்டும். "வருடம் நூறு மணி பறந்தால்தான் சொந்த விமானம் கட்டுப்படியாகும்" என்று விமானக்காரர்கள் சொல்கிற கணக்கு இதுதான், ஓரளவு சரியான கணக்கும்கூட.

ஆனால் இது தனி ஆளுக்குச் சாதகமாகப் போட்ட கணக்கு. அவர் 50 மணிதான் பறக்கிறார் என்றால் முன்பு சொன்னபடி ஓவர்ஹால் 600 மணிக்கு வகுக்கப்பட வேண்டும், அதாவது மணிக்கு 50. அப்போது மணிக்கு ஆகும் செலவே 100, வாடகைக்குச் சமம். அதற்கு மேல் அந்த 4,000. 50 மணிக்கு 9,000 கொடுக்கிறார், அதாவது மணிக்கு 180. வாடகைக்கு எடுத்தவர் 5,000-இல் முடித்துவிட்டார். நான்கு பேர் கூட்டில் இருப்பவருக்கு நிலைச்செலவு 1,000, ஓட்டிய செலவு 3,250, மொத்தம் 4,250, மணிக்கு 85. வாடகையைவிடக் குறைவு, அதோடு விமானத்தில் கால் பங்கும் கையில். கூட்டில் இருப்பவர் வருடம் 29 மணி பறந்தாலே வாடகைக்கு ஈடாகிவிடும்.

இந்தக் கணக்கில் வராத ஒன்று இருக்கிறது, அது எதிர்பாராமல் வரும் செலவு. அது எப்படி வருகிறது என்று புரிய வருடாந்திரச் சோதனையின்போது ஒரு நாளாவது மெக்கானிக்கின் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். நான் ஒவ்வொரு வருடமும் நிற்பேன். சிலிண்டர் அழுத்தச் சோதனைக்கு 80 பிஎஸ்ஐ அழுத்தத்தில் காற்றை உள்ளே விட்டுப் பிடித்து வைப்பார்கள், இரண்டு மானிகள், ஒன்று 80 காட்டும், இன்னொன்று சிலிண்டர் எவ்வளவு தாங்குகிறது என்று காட்டும். 76, 74 என்று வந்தால் நிம்மதி. நான்காவது சிலிண்டரில் 60-க்குக் கீழே இறங்கினால் மெக்கானிக் மானியைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் காதைக் கொண்டு போவார். புகைபோக்கிக் குழாயில் காற்று சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. முன்பக்கம், காற்று இழுக்கும் வழியில் சீறினால் இன்டேக் வால்வு. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் அங்கே உஸ்ஸென்று வந்தால் பிஸ்டன் ரிங். அந்தச் சீறல் வருகிற இடத்தைப் பொறுத்து அடுத்த சில மாதச் சேமிப்பின் கதி முடிவாகும். உடனே சிலிண்டரைக் கழற்றத் தேவையில்லை, நன்றாக ஓட்டிச் சூடாக்கிவிட்டு மறுபடி சோதியுங்கள், கேமரா விட்டு வால்வைப் பாருங்கள் என்று சொல்கிற மெக்கானிக் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள். ஒரு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு சிலிண்டரைக் கழற்றச் சொல்பவரிடம் இன்னொருவர் கருத்தையும் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லலாம், அதில் தப்பே இல்லை.

எண்ணெய் ஃபில்டரையும் அப்படித்தான் பார்ப்பார்கள். தகர உறையை வட்டமாக அறுத்து எடுத்து, உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் தாளை வெட்டி விரித்து, வெயிலில் சாய்த்துப் பார்ப்பார்கள். மினுங்குகிறதா என்று. மினுங்கினால் ஒரு காந்தத்தை மேலே கொண்டு போவார்கள், துகள் எழுந்து ஒட்டிக்கொண்டால் எஃகு, அது கேமாகவோ லிஃப்டராகவோ இருக்கலாம். எல்லா மணிக்கணக்கும் வருடக்கணக்கும் அந்த இடத்தில் செல்லாது. 700 மணிகூட ஓடாத இன்ஜினைப் பிரிக்க வேண்டியதாகிவிடும், அப்படி ஆன விமானங்களைக் கேட்டால் பெரும்பாலும் வருடக்கணக்கில் நின்று கிடந்தவையாக இருக்கும்.

வருடாந்திரச் சோதனைக்கு ஒரு தொகை என்றால் சோதனையில் கண்டுபிடித்ததற்கு இன்னொரு தொகை, இதைப் புதிதாக வாங்குகிறவர்கள் மனதில் ஏற்ற வேண்டும். சான்றிதழ் பெற்ற விமானத்தில் கடையில் கிடைக்கும் பாகத்தைப் போட முடியாது, ஆவணத்தோடு வரும் பாகம்தான் போட வேண்டும், தோற்றத்தில் காரில் இருப்பதைப் போலவே இருந்தாலும் விலை பல மடங்கு. அதற்கு மேல் அரசு ஆணைகள். 2018-இல் புளோரிடாவில் ஒரு பைப்பர் பயிற்சி விமானத்தின் இறக்கை வானத்திலேயே முறிந்து இருவர் இறந்தார்கள். பல ஆயிரம் மணி பறந்து பறந்து இறக்கையின் முக்கியத் தண்டில் வெடிப்பு விட்டிருந்தது. அதன்பின் அமெரிக்க விமானத் துறை செரோக்கீயும் சேர்ந்த பிஏ-28 குடும்பத்து விமானங்கள் பலவற்றுக்கு இறக்கைத் தண்டைச் சோதிக்கச் சொல்லி ஆணை போட்டது. செரோக்கீ வைத்திருந்தவர்கள் யாரும் அந்தச் செலவைத் திட்டமிட்டிருக்க முடியாது. ஆனால் செய்யாமலும் இருக்க முடியாது, செய்யத்தான் வேண்டும். சிர்ரஸ் மாதிரி புதிய வகை வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை என்று நினைப்பவர்களுக்கு: அதில் விமானத்தையே தாங்கி இறக்கும் பாராசூட் இருக்கிறது, அதைப் பத்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அது சின்னத் தொகை இல்லை. உயிரைக் காப்பாற்றியிருக்கிற கருவி, அதனால் அதை வீண் செலவு என்று நான் சொல்லவே மாட்டேன், முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

இப்படி ஒரு செலவு திடீரென்று வரும்போது தனி ஆள் என்ன செய்வார்? பணம் புரளும்வரை விமானத்தை நிறுத்தி வைப்பார். நிற்க நிற்க இன்ஜின் துருப் பிடிக்கும். ஓடுதளத்தின் ஓரத்தில் டயர் இறங்கி, கண்ணாடி மங்கி, இறக்கையில் பாசி ஏறி நிற்கிற விமானங்கள் எல்லாம் ஒரு காலத்தில் யாரோ ஆசையாகத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தவைதான். பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அவற்றில் பலவற்றுக்கு இன்னும் மூன்று பேர் இருந்திருந்தால் போதும்.

வாடகையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். வருடம் 30 மணிக்குக் கீழே பறப்பவருக்கு வாடகைதான் சரி, யோசிக்கவே வேண்டாம். ஓட்டிவிட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம், சிலிண்டர் அழுத்தம் 58 வந்தால் அது இன்னொருவர் கவலை. வாடகைக்கு ஓடும் விமானம் அடிக்கடி ஓடுவதால் இன்ஜினும் நல்ல நிலையில் இருக்கும், பல இடங்களில் 100 மணிக்கு ஒருமுறை கூடுதல் சோதனையும் உண்டு. ஆனால் அந்த 100 என்ற விலைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எரிபொருள் சேர்ந்ததா சேராததா? மணியை எந்த மீட்டரில் எண்ணுகிறார்கள்? ஹாப்ஸ் மீட்டர் இன்ஜின் ஓடத் தொடங்கியதும் ஓடும், தரையில் வரிசையில் நின்று காத்திருக்கும் நேரமும் அதில் ஏறும். டேக்கோ மீட்டர் இன்ஜின் சுற்றுக்கு ஏற்றபடி ஓடும், மெதுவாகச் சுற்றும்போது மெதுவாக ஏறும். ஒரே பயணத்தில் டேக்கோ பத்து, இருபது சதவீதம் குறைவாகக் காட்டுவது சாதாரணம். இரண்டு இடத்து வாடகையை ஒப்பிடும்போது இதைக் கேட்காவிட்டால் மலிவு எது என்றே தெரியாது.

வாடகையில் என்னை எப்போதும் உறுத்தியது அந்தக் குறைந்தபட்ச மணி விதி. இரண்டு நாள் எங்காவது போய்த் தங்கிவிட்டு வரலாம் என்றால், போக வர இரண்டு மணிதான் பறந்தாலும் நாளுக்கு இத்தனை மணி என்று கணக்கிட்டு வாங்குவார்கள். விமானத்தை வெறுமனே நிறுத்தி வைத்தால் அவர்களுக்கு நஷ்டம், அவர்கள் பக்கம் நியாயம் உண்டு. ஆனால் பறக்கக் கற்றதே அப்படிப் போய் வரத்தானே. அப்புறம் இன்ஷூரன்ஸ். வாடகை நிறுவனத்தின் இன்ஷூரன்ஸ் முதலில் காப்பது நிறுவனத்தை. விபத்தில் அவர்கள் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகையை உங்களிடம் கேட்பார்கள், சில சமயம் இன்ஷூரன்ஸ் நிறுவனமே உங்கள் மேல் வழக்குப் போடலாம். வாடகைக்கு ஓட்டுபவர்களுக்கென்று தனியாக ஒரு பாலிசி உண்டு, அதன் தவணை ஒன்றும் பெரிதில்லை, அதை எடுக்காமல் ஓட்டாதீர்கள்.

கூட்டு என்றதும் "நாலு பேர் சேர்ந்தால் சண்டை வராதா" என்பதுதான் முதல் கேள்வி. வரும். ஆனால் பலரும் பயப்படுகிற மாதிரி ஒரே நாளில் இருவருக்கு விமானம் வேண்டும் என்பதில் பெரும்பாலும் வருவதில்லை. விமானம் வருடத்தில் பெரும்பாலான நாள் சும்மாதான் நிற்கிறது, முன்பதிவு ஏடு ஒன்று இருந்தால் போதும். சண்டை வருவது பணம் எதற்குப் போக வேண்டும் என்பதில். ஒருவருக்கு இரண்டு திரைகள் உள்ள புதிய கருவிப் பலகை வேண்டும், இன்னொருவருக்குப் பழைய வட்ட மானிகளே போதும், பெட்ரோல் விலை குறைந்தால் சரி. இரண்டும் நியாயமான ஆசை. அதனால்தான் ஒப்பந்தத்தை நட்பு நன்றாக இருக்கும்போதே எழுதிவிட வேண்டும். பாதுகாப்புக்கு அவசியமான வேலை என்றால் யாருடைய சம்மதமும் வேண்டாம், உடனே செய்யலாம். அலங்காரமோ மேம்பாடோ என்றால் எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும். விமானம் யார் கையில் இருக்கும்போது சேதமானதோ அவர்தான் இன்ஷூரன்ஸ் தராத முதல் தொகையைக் கட்ட வேண்டும். விலக நினைப்பவர் தம் பங்கை யாரிடம், எந்த விலைக்கு, எத்தனை நாளில் விற்கலாம்? ஒருவர் இறந்துவிட்டால் பங்கு யாருக்கு? இதையெல்லாம் எழுதச் சங்கடமாக இருக்கும், எழுதித்தான் ஆக வேண்டும்.

பணம் கட்டும் முறையையும் இரண்டாகப் பிரித்துவிடுவது நல்லது. நிலைச்செலவுக்கு மாதச் சந்தா, எல்லோருக்கும் சமம், அந்த மாதம் ஒரு நிமிடம்கூடப் பறக்காதவரும் கட்ட வேண்டும். ஓட்டிய மணிக்குத் தனிக் கட்டணம், அதில் ஓவர்ஹால் தொகையும் சேர்ந்தது. அதிகம் பறக்கிறவர் இன்ஜினை அதிகம் தேய்க்கிறார், அவர் அதற்குக் கொடுக்கிறார், யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. எரிபொருளை அவரவர் நிரப்பி வைப்பதா, கட்டணத்தில் சேர்ப்பதா என்பது அவரவர் விருப்பம். ஆனால் எப்போதும் டேங்க் முழுக்க நிரப்பி வைக்க வேண்டும் என்று விதி போடாதீர்கள். நான்கு இருக்கை விமானத்தில் முழு டேங்கோடு நான்கு பெரியவர்களை ஏற்றினால் பெரும்பாலும் எடை வரம்பைத் தாண்டிவிடும், அடுத்து வருபவர் பெட்ரோலை வடிக்க முடியாமல் திண்டாடுவார்.

ஆட்களைத் தேர்வு செய்வதில் ஒரு விஷயம். இன்ஷூரன்ஸ் தவணையைப் பெரும்பாலும் குழுவிலேயே அனுபவம் குறைந்தவரை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். அதற்காகப் புதியவர்களைச் சேர்க்காமல் இருக்காதீர்கள், புதியவர்கள்தான் அதிகம் பறப்பார்கள், இன்ஜினுக்கு அவர்கள்தான் வேண்டும். நான் தவிர்ப்பது பணம் நிறைய வைத்துக்கொண்டு பறக்கவே வராத பங்குதாரரை. சந்தா ஒழுங்காக வரும், சரி, ஆனால் கூட்டத்தில் எந்த முடிவுக்கும் கைக்கு எட்ட மாட்டார். மூன்று, நான்கு, அதிகம் போனால் ஐந்து பேர். அதற்கு மேல் போனால் அது கிளப், அதற்குத் தலைவரும் பொருளாளரும் வேண்டும்.

பயணிகளிடம் செலவைப் பங்கு போட்டுக்கொள்ளலாமா என்றும் கேட்கிறார்கள். தனியார் உரிமம் வைத்திருப்பவர் லாபத்துக்கு ஆள் ஏற்றக் கூடாது என்பது எங்கும் பொது. அமெரிக்காவில் விமானி தம் பங்குக்குக் குறையாமல் கட்ட வேண்டும், அதுவும் எரிபொருள், எண்ணெய், விமான நிலையக் கட்டணம், வாடகை இவற்றை மட்டுமே பகிரலாம். ஐரோப்பிய விதியில் விமானியோடு சேர்த்து ஆறு பேர் வரை. ஹேங்கர் வாடகையையும் ஓவர்ஹால் தொகையையும் பயணி தலையில் கட்ட இடமில்லை, அதனால் சொந்த விமானத்துக்கு இது பெரிய கை கொடுக்காது.

தனியாகத்தான் வேண்டும் என்று உறுதியாக இருப்பவர்களுக்கு நான் சொல்வது ரோட்டாக்ஸ் 912 என்கிற சிறு இன்ஜின் பூட்டிய இரண்டு இருக்கை இலகு விமானம். மணிக்கு 15 முதல் 20 லிட்டர்தான், அதுவும் கார் பெட்ரோலிலேயே ஓடும், ஏவ்கேஸ் ஊற்றினால்தான் எண்ணெயை அடிக்கடி மாற்ற வேண்டும். தாமே கட்டும் விமானம் என்றால் பல நாடுகளில் பராமரிப்பையும் தாமே செய்துகொள்ளலாம், கூலி மிச்சம், ஆனால் கட்டி முடிக்கச் சில வருடம் கையை விட்டுப் போகும்.

கூட்டில் ஒரு பங்கு விற்பனைக்கு வந்தால் பெயின்டைப் பார்க்காதீர்கள், பறந்த மணியும் செய்த வேலையும் எழுதியிருக்கும் லாக் புத்தகத்தைக் கேளுங்கள். மொத்த மணியைவிடக் கடந்த ஐந்து வருடமும் வருடத்துக்கு எத்தனை மணி என்பதைப் பாருங்கள். இடையில் ஆறு மாதம் வெற்றாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். எண்ணெய் ஆய்வு முடிவுகளை வரிசையாக வைத்து இரும்பு ஏறுகிறதா என்று பாருங்கள். கடைசியாக, ஓவர்ஹாலுக்குச் சேர்த்து வைக்கும் இன்ஜின் நிதியில் இருக்க வேண்டிய தொகையை நீங்களே கணக்கிடுங்கள், ஓவர்ஹாலுக்குப் பின் ஓடிய மணி பெருக்கல் மணிக்கட்டணத்தில் ஓவர்ஹாலுக்கான பகுதி. அந்தத் தொகை வங்கிக் கணக்கில் இருக்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் குறைகிற தொகையில் உங்கள் பங்கைக் கேட்கிற விலையிலிருந்து கழித்துக்கொண்டு பேசுங்கள், அதற்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் அடுத்த கூட்டைப் பாருங்கள்.